கடல் பெருசுதானே?

எங்கட கரையோர ஊர்களில் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம் இருக்கு. தோணாவுக்குள் குப்பைப் பையை எறிகிறவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். கோழிக்கடைக் கழிவை இரவோடு இரவாக முகத்துவாரத்தில் கொட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். மலசலகூடக் குழியை இறைத்த பவுசர் எங்கே போய்க் கொட்டியது என்று கேட்டுப் பாருங்கள். "அட விடு தம்பி, கடல் பெருசுதானே!" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால் "இயற்கை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்" என்பார்கள். ரெண்டும் ஒரே வசனம்தான். ஒன்று சாரம் கட்டியிருக்கு, மற்றது லோங்ஸ் போட்டிருக்கு.

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. அது பொய் என்பதை நான் எந்தக் கருத்தரங்கிலும் படிக்கவில்லை. எங்கட வீட்டு விறாந்தையில் இருந்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் படித்தேன்.

கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் ஒருத்தன் கல்குடாப் பக்கம் போய்வரும்போது ஐஸ்கிறீம் வாளிக்குள் கடல்தண்ணி ஊற்றி, கைப்பிடி அளவு உயிருள்ள முருகைக்கல் ஒன்றைக் கொண்டுவந்தான். பழுப்பு நிறம், நுனியில் மட்டும் மெல்லிய ஊதா. நீல வெளிச்சத்தில் மினுங்குகிற வெளிநாட்டுத் தொட்டிகளை யூடியூப்பில் பார்த்துப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பைத்தியமாகித் திரிந்த காலம் அது. தை மாதம், மாரி ஓய்ந்த கையோடு, முகத்துவாரத்துக்குக் கிட்ட நின்று கான்களில் கடல்தண்ணி அள்ளினோம். தொட்டியை நிரப்பினோம். தண்ணி வற்ற வற்ற முதலில் கடல்தண்ணியாலும், அது முடிந்ததும் கிணற்றுத் தண்ணியாலும் நிரப்பினோம். பதினோராம் நாள் காலையில் பார்த்தால் தசையெல்லாம் உரிந்து வெறும் வெள்ளைக் கல். வீடு முழுக்கக் கூனி அழுகின வாடை.

அக்கரைப்பற்றில் மீன்தொட்டிச் சாமான் விற்கிற காக்கா ஒருவரிடம் போய் என்ன மருந்து போடலாம் என்று கேட்டோம். அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "நீங்க கல்லைத்தான் பாத்திருக்கீங்க. தண்ணியைப் பாக்கல்ல" என்றார். தண்ணி சோதிக்கிற பெட்டி ஒன்றை இரவல் தந்தார். அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்னக் குழாய்களால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் கலைப்பீடம். "ஆர்ட்ஸ் பெடியனுக்கு என்ன கெமிஸ்ட்ரி?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: இது கெமிஸ்ட்ரி பரீட்சை இல்லை, கணக்குக் கொப்பி. உள்ளே என்ன வந்தது, வெளியே என்ன போனது, மிச்சம் எங்கே. இந்த மூன்று கேள்வியையும் கேட்கத் தெரிந்தவருக்கு இது விளங்கும்.

முதலில் முருகைக்கல் என்றால் என்ன என்று பார்ப்போம். பெயரில் கல் இருக்கு, ஆனால் அது விலங்கு. குண்டூசித் தலை அளவிலிருந்து மேலே, வாயும் உணர்கொம்புகளும் உள்ள ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழ்கிற குடியிருப்பு. அதன் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழுது. வெளிச்சத்தில் அந்தப் பாசிகள் சமைக்கிற சீனியில்தான் முருகைக்கல்லின் சாப்பாட்டில் பெரும்பங்கு. வீடு கட்டுகிற கல்லை அது வேறெங்கும் போய் எடுப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள தண்ணிக்குள் கரைந்திருக்கிற கல்சியத்தையும் காபனேற்றையும் சேர்த்துக் கல்சியம் காபனேற்றாக்கிக் கட்டுது. சுத்தமான கடல்தண்ணி ஒரு லீற்றரில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம், 1,300 மில்லிகிராம் அளவில் மகனீசியம் இருக்கு. தொட்டி வைத்திருப்பவர்கள் காரத்தன்மை என்று அளக்கிறது, காபனேற்று எவ்வளவு கையிருப்பில் இருக்கு என்பதை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கல் வளரும். ஒன்று குறைந்தால் நின்றுவிடும். சுருக்கமாகச் சொன்னால், முருகைக்கல் தண்ணியால் கட்டப்பட்ட வீடு. தண்ணி கெட்டால் ஒருபக்கம் செங்கல் இல்லை, மறுபக்கம் மூச்சும் இல்லை.

இப்ப எங்கட தொட்டிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டடித் தொட்டியில் ஏறத்தாழ 70 லீற்றர். லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்றால் மொத்தம் 2,450 கிராம். எங்கட வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் வற்றுது என்று வைப்போம். தண்ணிதான் ஆவியாகுது, உப்பு ஆவியாகாது. வற்றின இடத்தைக் கடல்தண்ணியால் நிரப்பினால் ஒவ்வொரு லீற்றரோடும் 35 கிராம் உப்பு புதிதாகச் சேருது. இரண்டு கிழமையில் 490 கிராம். 35 ஆக இருந்தது 42 ஆகிவிடும். ஒருத்தரும் உப்புப் போடவில்லை, ஆனாலும் உப்புக் கூடிப்போச்சு. நல்லெண்ணத்தோடுதான் கடல்தண்ணி ஊற்றினோம்!

அடுத்தது கழிவு. தொட்டிக்குள் இருந்த இரண்டு சின்ன மீன்களின் கழிவும் மிஞ்சின சாப்பாடும் அமோனியாவாகுது. ஒரு வகை பக்ரீரியா அதை நைத்திரைற்று ஆக்குது, இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்குது. இந்தப் பக்ரீரியாக்கள் புதுத் தொட்டியில் குடியேறவே நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். நாங்கள் நாலு மணித்தியாலம்கூடப் பொறுக்கவில்லை. கடைசியாக மிஞ்சுகிற நைத்திரேற்று லேசில் போகாது. அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணியை மாற்றினால் பத்தில் ஒரு பங்குதான் குறையும். 50 இருந்தால் 45. கூட வருகிற பொசுபேற்றும் அப்படித்தான். பொசுபேற்று கூடினால் கல் படிகிறது தடைப்படும், வேண்டாத பாசி மேலே ஏறி வெளிச்சத்தை மறைக்கும்.

தொட்டி வைத்தவனுக்கு விளங்குகிற முதல் பாடம் இதுதான்: உள்ளே போட்ட எதுவும் இல்லாமல் போவதில்லை. வேறொன்றாக மாறி அங்கேதான் இருக்கு.

"சரி, அது தொட்டி. கடல் பெருசுதானே?" என்று நீங்கள் கேட்பது கேட்குது.

கடல் பெருசுதான். ஆனால் முருகைக்கல் வாழ்கிற கடல் சின்னது. அதற்கு வெயில் வேணும், அதனால் வெளிச்சம் இறங்குகிற ஆழமற்ற தண்ணி வேணும். அப்படிப்பட்ட தண்ணி எங்கே இருக்கு? பெரும்பாலும் கரையோரத்தில், குடாக்களில். உலகத்துக் கடலடியில் முருகைக்கற்பாறைகள் இருக்கிற இடம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடலுயிர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இனங்கள் ஏதோ ஒரு விதத்தில் அந்தத் துண்டு இடத்தை நம்பித்தான் இருக்கு. எங்கட வாய்க்கால் திறக்கிற இடமும் அதே கரையோரம்தான். பசுபிக் சமுத்திரம் எவ்வளவு பெருசு என்பது பாசிக்குடாக் குடாவுக்குள் இருக்கிற ஒரு கல்லுக்கு எந்த விதத்திலும் உதவாது. அதற்கு அந்தக் குடாதான் உலகம், தொட்டிக்குள் இருந்த எங்கட கல்லுக்குத் தொட்டி உலகமாக இருந்த மாதிரி.

எங்கட அம்பாறைக் கரை பெரும்பாலும் மணற்கரை. பெயர்பெற்ற முருகைக்கற்பாறைகள் வடக்கே, பாசிக்குடா, கல்குடா, காயங்கேணி, இன்னும் மேலே திருகோணமலையில் புறாத்தீவு. அதனால் "இது எங்கட பிரச்சினை இல்லை" என்று தோன்றலாம். ஆனால் கடல்தண்ணிக்கு மாவட்ட எல்லை தெரியாது. அதைவிட முக்கியம், முருகைக்கல் சொல்கிற செய்தி முருகைக்கல்லைப் பற்றியது மட்டும் இல்லை. அது எங்கட தண்ணியைப் பற்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

அந்தக் காக்கா தந்த பெட்டியால் முதலில் தொட்டித் தண்ணியைச் சோதித்தேன். நைத்திரேற்றுக் குழாய் கடும் சிவப்பு. மீன் கழிவு என்று நினைத்தேன். பிறகு ஒரு யோசனை வந்து, தொட்டிக்கு ஊற்றின கிணற்றுத் தண்ணியைத் தனியாகச் சோதித்தேன். அதுவும் சிவப்பு. மீனே இல்லாத தண்ணி! அம்மம்மா அறுபது வருடமாக அள்ளிக் குடித்த தண்ணி. குழாய்த் தண்ணி வந்த பிறகும் "பைப்புத் தண்ணி மருந்து மணக்குது" என்று தேத்தண்ணிக்கு அவ கிணற்றுக்குத்தான் போவா.

ஒரு கிணற்றை வைத்து ஊரையே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, கடையில் வாங்குகிற பெட்டி ஆய்வுகூடமும் இல்லை. ஆனால் காரணத்தை யோசிக்க விஞ்ஞானியாக இருக்கத் தேவையில்லை. எங்கட நிலம் கடல்மணல். ஊற்றினது உடனே இறங்கும். நெருக்கமான வளவுகள். ஒரு வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் கற்பிட்டி மணலிலும் பசளையும் மலக்குழியும் கிணற்றில் நைத்திரேற்றைக் கூட்டின கதை பல வருடமாக ஆய்வாளர்கள் எழுதுகிற கதை. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேலே போனால் முதலில் பாதிக்கப்படுவது போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தை. இரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். முருகைக்கல் வளர்க்கிறவர்கள் பலர் தொட்டியில் 10க்கு மேலே போனாலே தலையில் கை வைப்பார்கள்.

அதாவது ஒரு ஊதாநிறக் கல்லுக்கு ஊற்றப் பயப்படுகிற தண்ணியை, அளந்து பார்க்காமலே, பிள்ளைக்குப் பால் கரைக்க எடுக்கிறோம். எனக்கு இதில்தான் கோபம். தண்ணியில் என்ன இருக்கு என்று பார்க்க வேணும் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. தண்ணி தெளிவாக இருந்தால் நல்ல தண்ணி. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இப்ப ஊரை விட்டு வயலுக்குப் போவோம். 1949இல் தொடங்கின கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் மறித்த தண்ணிதான் எங்கட மாவட்டத்து வயலுக்குப் பெரும் ஆதாரம். அந்தத் தண்ணி வயலுக்கு வயல் இறங்கி, வடிச்சல் வாய்க்காலாகி, களியோடை போன்ற ஆறுகளிலும் களப்புகளிலும் விழுந்து கடலுக்குப் போகுது. மாரியில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறோம். வெட்டாமல் விட்டால் வயலும் வீடும் தாழும், அதனால் வெட்டத்தான் வேணும். ஆனால் அந்த வெட்டுக்குள்ளால் ஒரே நாளில் என்னென்ன போகுது? பயிர் எடுக்காமல் மிஞ்சின யூரியா, களைநாசினி, ஊர்க் குழிகளின் ஊற்று, தோணாக்களில் மாதக்கணக்காகத் தேங்கினது எல்லாம். அதற்குக் கிட்ட நின்றுதான் நாங்கள் இரண்டு பேரும் "சுத்தமான கடல்தண்ணி" என்று கான் நிரப்பினோம்.

இந்த இடத்தில் சிலர் குறுக்கே வருவார்கள்: "அப்ப வெள்ளாமை செய்கிறவன்தான் குற்றவாளியா?" இல்லை. அதற்கும் தொட்டியில் ஒரு பாடம் இருக்கு. எந்த அளவு பிழைத்திருந்தாலும் ஒரே நாளில் திருத்தக் கூடாது. காரத்தன்மை குறைந்திருக்கு என்று ஒரே தரத்தில் கொட்டினால், குறைவால் சாகாத கல் திருத்தத்தால் செத்துப்போகும். 2021இல் இந்த நாட்டில் அதுதான் நடந்தது. இரசாயனப் பசளையை ஒரே உத்தரவில் தடைசெய்தார்கள், மண்ணைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள், விளைச்சல் விழுந்தது, சனம் வீதிக்கு வந்தது, அதே வருடம் நவம்பரில் தடையை எடுத்தார்கள். எந்த வயலுக்கு எவ்வளவு வேணும், எவ்வளவு வீணாகக் கழுவுப்பட்டுப் போகுது என்று அளந்து, படிப்படியாகக் குறைத்திருந்தால் விவசாயிக்கும் காசு மிச்சம், களப்புக்கும் சுமை குறைவு. அளக்காமல் கொட்டுகிறதும் அளக்காமல் நிறுத்துகிறதும் ஒரே வியாதியின் ரெண்டு முகம்.

ஒலுவிலை எடுங்கள். தொட்டிக்குள் தண்ணியைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டார் வைப்போம். அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும், அடுத்த நாள் ஒரு மூலையில் மணல் குவிந்திருக்கும், மற்ற மூலையில் கண்ணாடி தெரியும். மணல் எப்பவும் ஓட்டம் சொல்கிற இடத்துக்குத்தான் போகும். எங்கட கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகருது. அதன் குறுக்கே அலைதடுப்பு கட்டி 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்தார்கள். மணல் தெற்கில் தேங்கித் துறைமுக வாயையே மூடியது. வடக்கில் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் எடுத்தது. தொட்டியில் மோட்டாரைத் திருப்பினவன் அடுத்த நாளே தன் பிழையைப் பார்த்துத் திருத்துவான். இங்கே தென்னை விழுந்த பிறகு கல் கொண்டுவந்து போட்டார்கள். "கடல் பெருசு, ஒரு சுவர் என்ன செய்யும்?" என்ற அதே நினைப்புத்தான்.

அடுத்தது பஸ் கதை. 2021 ஜூனில் ஓடாத பழைய பஸ்களை நெடுந்தீவுப் பக்கத்துக் கடலில் இறக்கினார்கள், மீன் பெருகும் என்று. இராமேஸ்வரப் பக்க மீனவர்கள் எதிர்த்தார்கள், அது வேற அரசியல். இரும்புக் கூட்டுக்குள் மீன் வந்து ஒதுங்கும், அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேற. முருகைக்கல் இடம் இல்லாமலா செத்தது? ஒட்டி வளர ஒரு பாறை கிடைக்காமலா அழிந்தது? எங்கட மீன்தொட்டி உலகத்திலும் இதே பழக்கம் இருக்கு. கல் செத்தால் தண்ணியைச் சோதிப்பதில்லை, இன்னொரு கல் வாங்குவோம். அதுவும் செத்தால் "வளர்ச்சி மருந்து" என்று ஒரு போத்தல். அதற்கும் சரிவராவிட்டால் விலைகூடின லைற். தண்ணியைத் தவிர எல்லாத்தையும் மாற்றுவோம். கடலுக்குள் பஸ் இறக்குவதும், கமெராவுக்கு முன்னால் முருகைக்கல் துண்டு நட்டுவிட்டு வருவதும், அந்தக் கடலுக்கு வருகிற தண்ணியைத் தொடாதவரைக்கும் இந்தப் போத்தல் வியாபாரம்தான். படம் எடுக்க வசதி. தோணாவைச் சுத்தம் செய்கிறதைப் படம் எடுத்தால் யார் லைக் போடுவார்?

தண்ணியைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் அளந்து காட்டின இடம் இருக்கு. ஹவாய்த் தீவுகளில் கனேயோஹே என்று ஒரு குடா. பல வருடமாக ஊர்க் கழிவுநீர் அந்தக் குடாவுக்குள்ளேயே விடப்பட்டது. குமிழ் குமிழாக ஒரு பச்சைப் பாசி பெருகி முருகைக்கல்லை மூடிப்போட்டுது. 1977, 78இல் கழிவுநீர்க் குழாயைக் குடாவுக்கு வெளியே ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். 1983இல் மறுபடி அளந்தபோது பாசி பெரிதாகக் குறைந்திருந்தது, முருகைக்கல் மீண்டிருந்தது. குழாயை ஆழ்கடலுக்குத் திருப்புவது கடைசித் தீர்வு என்று நான் சொல்ல வரவில்லை, அதிலும் எங்கட வசனத்தின் வாடை இருக்கு. ஆனால் அவர்கள் முதலும் அளந்தார்கள், பிறகும் அளந்தார்கள். அதனால் எது வேலை செய்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதத்தைப் பார்ப்போம். "முருகைக்கல்லைக் கொல்கிறது புவி வெப்பம். அதைச் செய்தது பெரிய நாடுகள். ஆலையடிவேம்புக் கிணறு அதுக்கு என்ன செய்யும்?" முதல் பாதி உண்மை. 1998இல் கடல் சூடேறினபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார்ப் பாறையிலும் ஆழமற்ற இடத்து முருகைக்கல் வெளிறிப் பெருமளவில் செத்தது. புறாத்தீவுப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அதன் பிறகும் உலகளவில் 2010இல், 2014 தொடக்கம் 2017 வரை, பிறகு 2023இலிருந்து என்று வெளிறல்கள் வந்துகொண்டே இருக்கு. வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகைதான் கூடியிருக்கும், அது சில கிழமை நீடித்தாலே தசைக்குள் இருக்கிற பாசி வெளியேறி, கல் வெள்ளையாகிவிடும். காபனீரொட்சைட்டைக் கொட்டின நாடுகள் பதில் சொல்லத்தான் வேணும்.

ஆனால் இரண்டாம் பாதி பிழை. சூடும் அழுக்கும் தனித்தனி நோய்கள் இல்லை. பிரித்தானியாவின் சவுதம்ப்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது: தண்ணியில் நைத்திரசன் கூடிப் பொசுபரசு அதற்கு ஈடாக இல்லாமல் போனால், முருகைக்கல் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இன்னும் லேசாக வெளிறும். காய்ச்சல் வரப்போகுது என்று தெரிந்த பிள்ளையைப் பட்டினி போடுகிற மாதிரி வேலை இது. சூட்டை நிறுத்துவது எங்கட கையில் இல்லை என்றால், கையில் இருக்கிற தண்ணியை இன்னும் கவனமாகப் பார்க்க வேணும் என்பதுதான் நியாயமான முடிவு. நாங்களோ தலைகீழாக முடிவெடுக்கிறோம்: "எப்படியும் சாகப்போகுது, நாங்களும் கொட்டுவோம்."

இப்ப என்னைப் போன்ற பெடியங்களுக்கு. முருகைக்கல் வைத்திருக்கிற தொட்டி ஒரு அழகான பொழுதுபோக்கு, அதில் சந்தேகமில்லை. 1961இலேயே இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர், பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லாமல், இயற்கையான கடல்தண்ணி, உயிர்கள் குடியிருக்கிற பாறை, காற்றுக் குமிழி, வெயில் இவற்றை மட்டும் வைத்து முருகைக்கல் வளர்த்த முறையை எழுதிக் காட்டினார். எங்கட மாதிரி வெயிலும் கடலும் உள்ள ஊர்க்காரர். இன்றைக்கு அந்தப் பொழுதுபோக்கு லட்சக்கணக்கில் செலவு செய்கிற விளையாட்டாகிப் போனாலும், அதன் அடிப்படை அவர் காட்டினதுதான்: முதலில் தண்ணியை உயிரோடு வைத்திரு.

ஆனால் கடலில் இருந்து பிடுங்கி எடுக்காதீங்க. 1988இல் திருத்தின கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதையும் வைத்திருப்பதையும் கொண்டு செல்வதையும் குற்றம் என்கிறது. சுண்ணாம்புச் சூளைகளுக்கு வண்டி வண்டியாகப் போன காலத்தை நிறுத்தத்தான் அந்தச் சட்டம் வந்தது. எங்கட ஐஸ்கிறீம் வாளி சூளை இல்லை என்று நாங்களும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். பல வகை முருகைக்கல் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுகூட வளராது. நாங்கள் பதினொரு நாளில் கொன்றது எத்தனை வருடத்து வேலை என்று எனக்கு இப்பவும் கணக்குப் போட விருப்பமில்லை.

ஆசை இருந்தால் வெறுந்தொட்டியில் தொடங்குங்கள். ஆறு கிழமை தண்ணியை மட்டும் வையுங்கள். அமோனியா ஏறி இறங்குவதைக் கொப்பியில் எழுதுங்கள். வற்றினதை உப்பில்லாத சுத்தமான தண்ணியால் நிரப்புங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம் கிழமையிலேயே சலிச்சுப்போகும். அவர்கள் கையில் ஒரு உயிர் சிக்காமல் தப்பினது நல்லது.

கடைசியாக, நான் கேட்கிறது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எங்கட பாடசாலைகளில் உயர்தர ஆய்வுகூடங்கள் இருக்கு, அங்கே பூட்டுப் போட்ட அலுமாரிகளும் இருக்கு. மாதம் ஒருமுறை பிள்ளைகள் தங்கட வளவுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணி கொண்டுவரட்டும். தோணாவிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் ஒவ்வொரு போத்தல். நைத்திரேற்று, பொசுபேற்று, உப்பு, பிஎச் என்று நாலு எண்கள். அதைப் பிரதேச சபை வாசலிலும் வாசிகசாலைப் பலகையிலும், கோயில் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் தமிழில் ஒட்டட்டும். எண் சந்தேகமாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் நாராவையும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையையும் கூப்பிட்டு ஒழுங்காக அளக்கச் சொல்லுவோம். தேர்தலுக்கு வருகிறவரிடம் றோட்டுக் கேட்கிற மாதிரி, "எங்கட தோணாத் தண்ணியில் எவ்வளவு?" என்று கேட்போம். எண் தெரியாதவருக்குப் பஸ் இறக்கவும் உரிமை இல்லை, சுவர் கட்டவும் உரிமை இல்லை.

எங்கட தொட்டி இப்பவும் விறாந்தையில் இருக்கு. உள்ளே கல் இல்லை. நல்ல தண்ணியும் ரெண்டு கப்பி மீனும்தான். சோதிக்கிற பெட்டியைக் காக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். முதல் வேலையாகப் பக்கத்து வளவுக் கிணற்றை அளந்து, எண்ணைக் கொண்டுபோய் மாமியிடம் சொன்னேன். அவ கேட்டுட்டு, "இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கல்லயே மகன்" என்றா. பிறகு கொஞ்ச நேரம் யோசிச்சு, "சின்னவன்ட பாலுக்கு மட்டும் இனிப் பைப்புத் தண்ணி எடுக்கிறன்" என்றா.

ஒரு வீடு அளந்துபோட்டு ஒரு பழக்கத்தை மாற்றியிருக்கு. அடுத்த கிணறு உங்கட வளவில்.